நிறைந்த மேசையும் நிறைந்த அறையும்

சென்ற திங்கள் இப்பகுதியில், வீட்டுக் கணினியில் தமிழ் எழுத்துருக்களை அமைத்துக்கொள்ளும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதன் தொடர்ச்சியை இத்திங்கள் எழுதுவதாகவும் சொல்லியிருந்தோம். அவ்வாக்கை இம்முறை காக்க இயலவில்லை. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். சித்திரைத் திங்களில் நம் சங்கத்துச் சர்வருக்கு நேர்ந்ததை முதலில் எழுதிவிடுவதே முறையென்று தோன்றுகிறது. அதில் நம்முடைய பிழையும் ஒன்று உண்டு. அதை மறைத்து அறிவுரை கூறுவது அழகன்று.

சங்க மண்டபத்தின் பின்னறையில் ஒரு சர்வர் இருப்பதை உறுப்பினருள் பலர் அறிவர். அது என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. உறுப்பினர் பட்டியல், துயர்துடைப்பு நிதியின் பதிவேடு, குழந்தைகளின் தமிழ் வகுப்பிற்கான பாட ஒலிப்பதிவுகள், இவ்விதழின் பழைய தொகுதிகளைப் படமெடுத்த கோப்புகள் ஆகிய யாவும் அதனுள் இருக்கின்றன. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் அது ஓடுகிறது. அதன் நினைவகம் 8 ஜிபி. அதனோடு சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் செயற்குழு நம்மிடம் ஒப்படைத்திருக்கிறது. நாமோ பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவர். பகலெல்லாம் இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மாலை வேளைகளில் நூல்களைப் பார்த்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் கற்றுக்கொண்டதே நம் கணினி அறிவு. ஆதலின் இது பொறியியற் பாடமன்று. ஓர் எழுத்தர் தம் மேசையிலிருந்து கண்டறிந்த செய்தி என்றே கொள்க.

நடந்தது இதுதான். சந்தா வாங்கும் ஞாயிற்றுக்கிழமை அது. நாகபுரியின் சித்திரை வெயிலைப் பொருட்படுத்தாமல் உறுப்பினர்கள் வந்து போய்க்கொண்டிருந்தனர். பொருளாளர் கையால் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பின்னறையிலேயே அமர்ந்து பதிவேட்டில் தட்டெழுதிக்கொண்டிருந்தார். மாலை ஆறு மணியளவில் சர்வர் தளர்ந்தது. ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்றச் சில நொடிகள் ஆயின. கடைசி மூன்று பதிவுகளை எழுதி, 'சேமிக்கப்பட்டது' என்று திரை காட்டியதும் அவர் நிம்மதியாக எழுந்தார். அதன்பின் திரை அசையவே இல்லை. மண்டபத்தைப் பூட்டும் நேரமாகிவிட்டது. "என்ன செய்யலாம், தம்பி?" என்று பொருளாளர் கேட்டார். நாம் அரை நிமிடங்கூடப் பொறாமல் மின்விசையை அணைத்துவிட்டோம்.

மறுநாள் கடைக்காரர் ஒருவரை அழைத்துக் காட்டினார்கள். அவர் ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்து, "8 ஜிபி நினைவகத்தில் அரை ஜிபிகூட மிச்சமில்லை. இயந்திரம் பழையதாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று சொல்லி, 85,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார். சங்கத்தில் அவ்வளவு பணம் ஓரிடத்தில்தான் இருந்தது. தமிழ் வகுப்புக் குழந்தைகளுக்கு நூல்கள் வாங்க இரண்டாண்டுகளாகச் சேர்த்து வைத்த நிதி அது. சனிக்கிழமைச் செயற்குழுவில் அதை எடுத்துக்கொள்ள இசைவு பெறுவது என்று பேச்சாயிற்று.

இதற்கிடையே புதன்கிழமை இரவு, ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர், நம் சங்கத்தின் பழைய உறுப்பினர், காலமானார். துயர்துடைப்பு நிதியிலிருந்து அன்றைக்கே குடும்பத்திற்குத் தொகை கொடுப்பது நம் வழக்கம். வியாழன் காலையில் செயலாளர் பதிவேட்டைத் திறந்தார். அவர் பெயருக்கு எதிரே மூன்று திங்கள் பாக்கி என்று இருந்தது. மூன்று திங்கள் பாக்கியிருப்பின் செயற்குழு கூடி முடிவு செய்தபின்பே தொகை கொடுக்கலாம் என்பது விதி. "தம்பி, அவர் ஒரு மாதம்கூடக் கட்டாமல் இருந்தவர் இல்லையே! ஊரிலிருந்து வந்ததும் முதல் வேலையாகச் சங்கத்துக்குத்தானே போனார்" என்றார் அந்த அம்மையார். பொருளாளருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஞாயிறு மாலையில் கடைசியாக வந்த மூவருள் அவரும் ஒருவர். மூன்று திங்கள் சந்தாவையும் சேர்த்துக் கட்டியவர். அம்மூவரின் பதிவுகளும் பதிவேட்டில் இல்லை.

பிழையைத் திருத்திவிடலாம் என்று பொருளாளர் அமர்ந்தார். பதிவேடோ 'இடமில்லை' என்று சொல்லிச் சேமிக்க மறுத்துவிட்டது.

இங்கே நிறுத்தி, ஒரு சர்வர் தன் நினைவகத்தையும் வட்டையும் எப்படி ஆள்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அது தெரிந்தால்தான் இம்மூன்று துன்பங்களும் மூன்று வெவ்வேறு காரணத்தால் வந்தவை என்பது விளங்கும்.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்க்கு உவமை எளிது. நமக்கு ஒரு மேசை உண்டு. தாழ்வாரத்தின் கோடியில் பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் ரிக்கார்டு அறை ஒன்று உண்டு. மேசை சிறிது, ஆனால் கையை நீட்டினால் காகிதம் கிடைக்கும். அறை பெரிது; ஆனால் எழுந்து போய்த் தேடி எடுத்து வர வேண்டும். மேசையே நினைவகம், அறையே வட்டு. மேசையில் உள்ளவை மின்சாரம் நின்றால் மறைந்துபோகும். அறையில் உள்ளவை நிற்கும். வேகத்திலும் வேறுபாடு மிகப் பெரிது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க நொடியில் கோடிக்கூறின் கணக்கில் நேரம் ஆகிறது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு, ஒருமுறை சுற்றவே எட்டு மில்லிநொடிக்குமேல் எடுத்துக்கொள்கிறது. தேடும் முள் நகரும் நேரம் தனி. கணக்கிட்டால் ஏறத்தாழ இலட்சம் மடங்கு வேறுபாடு வரும். சுழலாத எஸ்எஸ்டி வட்டுகள் இதைவிடப் பன்மடங்கு விரைந்தவை. ஆயினும் நினைவகத்திற்கு அவையும் ஈடாகா.

சிறு மேசையையும் பெரிய அறையையும் வைத்துக்கொண்டு, முழுவதும் மேசையே போலக் காட்டுவது எப்படி? இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார். 1962இல் இயங்கத் தொடங்கிய அவர்களுடைய 'அட்லஸ்' கணினியில், விரைந்த நினைவகம் 16,384 சொற்களுக்கே இடம் கொடுத்தது. மெதுவான உருளை நினைவகம் 98,304 சொற்களைக் கொண்டது. நிரல் எழுதுபவர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி எழுதலாம். வேண்டிய பகுதி விரைந்த நினைவகத்தில் இல்லையென்றால், இயந்திரமே அதை உருளையிலிருந்து கொண்டுவரும். இடமில்லையென்றால், இப்போதைக்கு வேண்டாத ஒன்றை அங்கே அனுப்பிவிடும். இவ்வாறு எடுத்து வைத்து அனுப்பும் அளவான துண்டுகளைப் 'பக்கம்' என்றார்கள். இன்றைய லினக்ஸும் விண்டோஸும் அவ்வழியே செல்கின்றன. நாம் வாங்கும் பெரும்பாலான சர்வர்களில் ஒரு பக்கம் 4 கேபி. 8 ஜிபி நினைவகமென்றால் அது 20,97,152 பக்கங்கள் கொண்டது. எந்தப் பக்கம் யாருக்கு, எது இருக்கலாம், எது போகலாம் என்று நொடிதோறும் கணக்கு வைப்பது இயங்குதளத்தின் வேலை.

இனிக் கடைக்காரர் கண்ட 'நிறைந்த நினைவக'த்தைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை நாமே அக்கட்டளையைத் தட்டிப் பார்த்தோம். 'ஃப்ரீ' என்பது அதன் பெயர். அது காட்டிய கணக்கு இது: கணினி பயன்படுத்தத்தக்க நினைவகம் 7.7 ஜிபி, நிரல்கள் எடுத்துக்கொண்டது 2.1, கேஷ் என்பதற்குப் போனது 5.2, வெறுமையாக இருப்பது 0.4. கடைக்காரர் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டார்.

கேஷ் என்பது யாது? ரிக்கார்டு அறையிலிருந்து எடுத்து வந்த கோப்பைப் படித்து முடித்ததும், புத்திசாலியான எழுத்தர் உடனே திருப்பிக் கொண்டுபோய் வைப்பதில்லை. மேசையில் இடமிருக்கும்வரை ஓரமாக அடுக்கி வைத்திருப்பார். பிற்பகலில் மேலதிகாரி அதையே மீண்டும் கேட்கக்கூடும். புதிய வேலை வந்து இடம் தேவைப்பட்டால், அவ்வடுக்கை அந்த நொடியே அகற்றலாம். மூலம் அறையில் இருப்பதால் இழப்பொன்றுமில்லை. இயங்குதளமும் அவ்வாறே செய்கிறது. வட்டிலிருந்து படித்தவற்றை, வேறு தேவை வரும்வரை, நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய மேசையை வெறுமையாக வைத்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? ஆதலால் நல்ல முறையில் ஓடும் சர்வரின் நினைவகம் சில நாட்களிலேயே நிறைந்தாற்போலத் தோன்றுவது இயல்பு. அது நோயின் அறிகுறியன்று.

பலரும் இவ்வாறு மயங்கியதால், 2014இல் வெளிவந்த லினக்ஸ் கருவில் வேறோர் எண்ணையும் சேர்த்தார்கள். 'அவெய்லபிள்' என்பது அதன் தலைப்பு. புதிய வேலைக்கு, இடமாற்றுப் பகுதியைத் தொடாமல், எவ்வளவு நினைவகம் கிடைக்கும் என்பதை அது மதிப்பிட்டுச் சொல்கிறது. நம் சர்வரில் அவ்வெண் 5.3 ஜிபி என்று இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு மேசை நமக்குக் கிடைக்கும் நிலையில், மேசை போதாது என்று 85,000 ரூபாய் கொடுக்க இருந்தோம்! விண்டோஸ் சர்வர் வைத்திருக்கும் பிற ஊர்ச் சங்கத்தாரும் 'டாஸ்க் மேனேஜர்' காட்டும் பக்கத்தில் அதே தலைப்பைத்தான் பார்க்க வேண்டும். அங்கே 'ஸ்டாண்ட்பை' என்று குறிக்கப்படுவதும் இத்தகைய ஓர அடுக்கே.

அப்படியானால் ஞாயிறு மாலை சர்வர் தளர்ந்தது ஏன் என்று அன்பர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அன்று நினைவகம் உண்மையிலேயே போதவில்லை. பழைய இதழ்களின் படங்களைப் படித்து எழுத்துக்களாக மாற்றும் பணியை நம் சங்கத்து மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு ஏற்றிருந்தார். அன்று பகலில் பன்னிரண்டு தொகுதிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு தொகுதிக்கும் மேசையில் பெரும் இடம் வேண்டும். இடம் போதாதபோது இயங்குதளம் ஒருவருடைய காகிதத்தை வட்டிலுள்ள 'ஸ்வாப்' என்னும் இடமாற்றுப் பகுதிக்கு அனுப்பிவிட்டு, மற்றவருடையதைக் கொண்டுவரும். அவர் ஒரு வரி படிப்பதற்குள் முதலாமவர் தம் காகிதத்தைக் கேட்பார். நம் இரயில்வே மொழியில் சொன்னால், நான்கு தடங்கள் உள்ள நிலையத்தில் பன்னிரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு நாள் முழுதும் ஷண்டிங் செய்வது போன்றது. எந்த வண்டியும் புறப்படுவதில்லை. பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1968இலேயே இந்நிலையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு காலத்தில் உண்மையாகத் தேவைப்படும் பக்கங்கள் இவ்வளவு என்று உண்டு. அவற்றிற்கு இடமுள்ள அளவு நிரல்களையே ஒரு நேரத்தில் ஓடவிட வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அதை மீறினால், மேலும் ஒரு நிரலைச் சேர்ப்பதால் வேலை கூடுவதில்லை. உள்ள வேலையும் நின்றுவிடும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று மேசையைப் பெரிதாக்குவது. மற்றொன்று, பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி ஒருவர்பின் ஒருவராக அனுப்புவது. நாம் இரண்டாவதைச் செய்தோம். இப்போது இரவு பத்து மணிக்குமேல் ஒரு நேரத்தில் ஒரு தொகுதி மட்டும் ஓடுகிறது. அவெய்லபிள் எண் எந்நாளும் குறைந்தே இருந்து, இடமாற்றுப் பகுதிக்குப் போக்குவரத்தும் ஓயாமல் நடந்தால், அப்போது நினைவகம் வாங்கத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. 'விஎம்ஸ்டாட்' என்னும் கட்டளை அப்போக்குவரத்தை நொடிதோறும் காட்டும். இடமாற்றுப் பகுதியில் ஏதோ கொஞ்சம் கிடக்கிறது என்பதற்காக மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. வெகுநாள் தொடாத காகிதம் அறைக்குப் போவது நல்லதே. சிலர் அப்பகுதியை அறவே நீக்கிவிடுகிறார்கள். நெருக்கடி முற்றி, எவ்வழியாலும் இடம் கிடைக்காதபோது, லினக்ஸ் ஏதேனும் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும். பெரும்பாலும் மிகுதியாக இடம் பிடித்திருப்பதே பலியாகும். அது நமக்கு மிகவும் வேண்டிய நிரலாகவும் இருக்கலாம்.

இனி நம் பிழைக்கு வருவோம். 'சேமிக்கப்பட்டது' என்று திரை காட்டிய பின்பும் அம்மூன்று பதிவுகள் எங்கே போயின? ஒரு நிரல் கோப்பை எழுதும்போது, இயங்குதளம் அதை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, 'ஆயிற்று' என்று சொல்லிவிடுகிறது. எழுத்தர் கடிதத்தை வாங்கி மேசைமேல் உள்ள 'அனுப்ப வேண்டியவை' தட்டில் வைத்துக்கொண்டு தலையசைப்பது போன்றது இது. பல கடிதங்கள் சேர்ந்ததும் ஒரே நடையில் அறைக்குக் கொண்டுபோய் வைப்பதால் வேலை விரைகிறது. மாற்றியமைக்காத லினக்ஸில், ஐந்து நொடிக்கு ஒருமுறை இத்தட்டைப் பார்க்கும் பணியாள் உண்டு. முப்பது நொடிக்குமேல் பழகிய கடிதத்தை அவன் எடுத்துப் போவான். வட்டு ஓயாத ஷண்டிங்கில் சிக்கியிருக்கும்போது அந்நடையும் தாமதமாகும். ஞாயிறு மாலை நாம் மின்விசையை அணைத்தபோது, காலமான அப்பெரியவரின் சந்தா அத்தட்டில் இருந்தது. அறையைச் சேரவில்லை.

பணக்கணக்கிற்கென்றே அமைந்த தரவுத்தள நிரல்கள் இக்குறையை அறிந்து, 'வட்டில் சேர்ந்தது என்று உறுதி சொன்ன பிறகே திரும்பி வா' என்று இயங்குதளத்திற்கு ஆணையிடுகின்றன. நம் பதிவேடோ எளிய விரிதாள் கோப்பு. அதற்குரிய பாதுகாப்பு நம் கையில்தான் இருந்தது. பொறுத்திருந்திருக்கலாம், வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைய முயன்று, தொகுதிகளை நிறுத்தியிருக்கலாம், 'சிங்க்' என்னும் கட்டளையால் தட்டிலுள்ளவை முழுவதையும் வட்டுக்கு அனுப்பியபின் முறைப்படி மூடியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. அவசரம் நம்முடையது, அதனால் வந்த அல்லலோ வேறொரு வீட்டாருடையது.

மூன்றாவது துன்பம் 'இடமில்லை' என்பது. இது மேசையைப் பற்றியதன்று, அறையைப் பற்றியது. 'டிஎஃப்' என்னும் கட்டளை வட்டின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும். இயங்குதளமும் பதிவேடும் இருந்த 100 ஜிபி பகுதி முழுவதும் நிறைந்திருந்தது. தேடிப் பார்த்தால், ஒரே ஒரு குறிப்புக் கோப்பு 61 ஜிபிக்கு வளர்ந்து கிடந்தது. ஞாயிறன்று திடீரென மின்சாரம் போனதால் எழுத்து மாற்றும் நிரலின் வேலை அரைகுறையாக நின்றது. மறுபடியும் சர்வர் ஓடத் தொடங்கியதும் அந்நிரல் தானே எழுந்து, பாதிக் கோப்பைத் திறக்க முயன்று, 'படிக்க முடியவில்லை' என்ற முறையீட்டை நொடிக்குப் பன்னூறு முறை எழுதிக்கொண்டே நான்கு நாள் இருந்திருக்கிறது. நாம் விசையை அணைத்ததன் பலனே இதுவும்.

ஒரு நல்ல ஏற்பாட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லினக்ஸில் பெரிதும் வழங்கும் 'இஎக்ஸ்டி4' என்னும் கோப்பு முறை, வேறுவகையாக அமைக்காவிடில், பகுதியின் நூற்றுக்கு ஐந்து பங்கை நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கிறது. மற்றவர்க்கு அறை நிறைந்த பின்பும் நிர்வாகி உள்ளே வந்து வேலை செய்ய அவ்விடம் உதவுகிறது. எழுத்து மாற்றும் நிரல் சாதாரணப் பயனரின் பெயரில் ஓடியதால் அவ்வொதுக்கீட்டைத் தொட முடியவில்லை. ஆகவே நாம் உள்ளே நுழைய முடிந்தது.

நுழைந்ததும் அப்பெரிய கோப்பை நீக்கினோம். மீண்டும் டிஎஃப் தட்டினோம். ஒரு ஜிபிகூடக் குறையவில்லை! திகைத்துப் போனோம். பிறகு நூலைப் புரட்டியபோதுதான் விளங்கிற்று. லினக்ஸில் ஒரு கோப்பை நீக்குவது என்பது பட்டியலிலிருந்து அதன் பெயரை அடிப்பதே. ஏதேனும் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை, பெயரில்லாமலே அக்கோப்பு வட்டில் இடம் பிடித்திருக்கும். பேரேட்டில் பெயர் அடிக்கப்பட்ட மூட்டை, எடுத்துச் செல்பவர் வராததால் கிடங்கிலேயே கிடப்பதைச் சரக்கு அலுவலகத்தில் நாள்தோறும் பார்க்கிறோம். இங்கே அது நமக்குத் தோன்றாமற் போயிற்று. 'எல்எஸ்ஓஎஃப்' என்னும் கட்டளை, எந்த நிரல் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும். எழுத்து மாற்றும் நிரலை நிறுத்தினோம். அந்த நொடியே 61 ஜிபியும் திரும்பக் கிடைத்தது.

இன்னொன்றும் அறிந்துகொண்டோம். இடம் மிச்சமிருந்தும் 'இடமில்லை' என்று சர்வர் சொல்வதுண்டு. இஎக்ஸ்டி4 முறையில் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பது, அப்பகுதியை முதன்முதல் அமைக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. இலட்சக்கணக்கான சிறு கோப்புகளைக் குவித்தால் அவ்வெண்ணிக்கை தீர்ந்துவிடும். அறையில் தரை இருக்கும். அட்டவணையில் வரி இராது. டிஎஃப் கட்டளைக்கு 'ஐ' என்னும் குறியைச் சேர்த்தால் அக்கணக்கும் தெரியும்.

சனிக்கிழமைச் செயற்குழுவில் இவ்வளவையும் எடுத்துச் சொன்னோம். நம் பிழையையும் சேர்த்தே சொன்னோம். புதிய சர்வர் வாங்கும் பேச்சு நின்றது. அதற்கு மாறாக ஏறக்குறைய 10,000 ரூபாயில், மின்சாரம் போனாலும் சர்வரை முறைப்படி மூடும்வரை தாங்கும் யுபிஎஸ் ஒன்றும், வெளியே எடுத்து வைக்கக்கூடிய வட்டு ஒன்றும் வாங்கினோம். பதிவேட்டைத் தனிப் பகுதிக்கு மாற்றினோம். இனிக் குறிப்புக் கோப்புகள் எவ்வளவு பெருகினும் பதிவேட்டின் இடத்தை அவை விழுங்க முடியாது. அக்கோப்புகளுக்கும் 'லாக்ரொடேட்' என்னும் நிரலால் வரம்பு கட்டினோம். பழையவை சுருக்கப்பட்டு, நாளடைவில் தாமே நீங்கும். பகுதி எதுவும் நூற்றுக்கு எண்பது நிறைந்தால் நமக்கு மின்னஞ்சல் வரும். பதிவேட்டின் படி ஒவ்வொரு ஞாயிறும் வெளி வட்டில் ஏறுகிறது. அவ்வட்டு செயலாளர் வீட்டில் இருக்கும். திங்களுக்கு ஒருமுறை அப்படியிலிருந்து கோப்பைத் திறந்து பார்க்கிறோம். திறந்து பாராத படியை நம்பியிருப்பது வீண். இரட்டை வட்டு வைத்தால் போதாதா என்று ஓர் அன்பர் கேட்டார். இரட்டை வட்டு ஒரு வட்டு பழுதாவதைத் தாங்கும். நாம் தவறாக அழித்ததை அது இரண்டிலும் சேர்த்தே அழித்துவிடும். அதுவும் நல்லதுதான், ஆனால் படியின் வேலையை அது செய்யாது.

நிற்க. அந்த வியாழக்கிழமையைப் பற்றி எழுதாமல் முடிப்பது தகாது. அம்மையார் உள்ளே சென்று, கணவரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்தார். அதனுள் நான்காக மடித்த ரசீது இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தேதியிட்டு, பொருளாளர் கையெழுத்தோடு. அதன் அடிக்கட்டையும் பொருளாளர் பையில் இருந்தது. ஆயினும் செயலாளரும் பொருளாளரும் கலந்து பேசி, வங்கிக்குப் போய் வருவதற்குள் அன்றைய பொழுது கடந்துவிட்டது. தொகை வெள்ளிக்கிழமை காலையில்தான் அவர்கள் வீடு சேர்ந்தது. ஈமச் செலவுக்கு அக்குடும்பத்தார் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியிருந்தனர். மறு ஞாயிறு நாம் நேரில் சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். நினைவகமும் வட்டும் அவருக்கு எதற்கு? "காகிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார், தம்பி. நீங்களும் அப்படியே வையுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

வைக்கிறோம். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை இனி ஏழாண்டு காப்பதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. சந்தா வாங்கும் ஞாயிறுதோறும், மண்டபத்தைப் பூட்டுமுன் அடிக்கட்டையையும் பதிவேட்டையும் இருவர் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுகின்றனர். பத்து நிமிட வேலைதான். பிற ஊர்ச் சங்கத்தாருக்கும் நாம் வேண்டிக்கொள்வது ஒன்று. உங்கள் சர்வர் தளர்ந்தால், புதிது வாங்கு என்று யாரேனும் சொல்லுமுன், நிறைந்திருப்பது மேசையா அறையா என்று கேளுங்கள். மேசையென்றால், ஓர அடுக்கா உண்மை நெருக்கடியா என்று கேளுங்கள். விசையின்மேல் கை வைக்குமுன், தட்டில் யாருடைய கடிதம் இருக்கிறதோ என்று ஒரு கணம் நினையுங்கள்.

தமிழ் வகுப்பு நிதி முழுவதும் அப்படியே இருக்கிறது. நூல்களுக்கான பட்டியலை ஆசிரியை அம்மையார் எழுதிக்கொண்டிருக்கிறார். தங்கள் குழந்தைகளுக்கு இன்ன நூல் வேண்டுமென்று விரும்பும் பெற்றோர், வரும் ஞாயிறு மாலைக்குள் அவரிடம் தெரிவிக்கலாம். எழுத்துருக்களின் தொடர்ச்சியை அடுத்த திங்கள் தவறாமல் எழுதுவோம்.